இழுத்த கை

அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத மகள், சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்து மூன்று நாளாகத் துவையல் அரைத்துத் தந்தால் எந்தத் தகப்பனுக்கும் சந்தேகம் வரும். மகள் பெயர் அஞ்சு. விமானத்தில் துணை பைலட். போன் அடித்தால் எடுத்துக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். பையன் விஷயம்தான் என்று என் மனைவி ஓமனா கண்ணைக் காட்டினாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். வண்டியில் ஏதோ நடந்தபின் வீடு வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

இன்று காலை சாயா குடிக்கும்போது கேட்டேவிட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள். இவர்கள் விமானத்துக்கு எதிரே அதே உயரத்தில் இன்னொரு விமானம் வந்திருக்கிறது. அப்படி வந்தால் இரண்டிலும் உள்ள கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லுமாம். இவர்களை இறங்கச் சொன்னது. தரையிலிருந்து கன்ட்ரோல்காரர் ஏறச் சொன்னார். அந்த நேரத்தில் கருவி பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம். கேப்டன் ஸ்டியரிங்கை இழுத்து ஏற்றினார். எதிரே வந்த விமானமும் ஏறிக்கொண்டிருந்தது. இவள்தான் கத்தி, அவர் கையைத் தட்டிவிட்டு இறக்கியிருக்கிறாள்.

"பின்னே உனக்கு என்னட்டி பயம்?"

"நாளைக்கு விசாரணை. ஸ்டியரிங்க இழுத்தது கறுப்புப் பெட்டியில பதிஞ்சிருக்கும், யாரு கைன்னு பதியாது, பேசினதும் அழிஞ்சு போச்சு. என் கைன்னு சொல்லச் சொல்லுகாரு கேப்டன். சின்னப் பிள்ளைன்னு மன்னிச்சிருவாங்களாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அயோக்கியப் பயல், சீனியராம் சீனியர் என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். அஞ்சு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"மார்த்தாண்டத்துல அன்னைக்கு ஜேசுதாஸ் மாமா விசில் அடிச்சாரா, இல்லியாப்பா?"

ஜேசுதாஸ் என் கண்டக்டர். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது, நிறுத்தச் சொல்லும் கண்டக்டரின் விசில்தான் டிரைவருக்குக் கண். அன்று மீன்காரி ஒருத்தியின் கால் சக்கரத்தில் நசுங்கியது. விசில் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். டிரைவரைக் கண்டக்டர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் டெப்போ வழக்கம். மறந்துவிட்டேன் என்று அவனும் கையெழுத்துப் போட்டான். அவன் வேலை போயிற்று. பாவம், மறதிக்காரன் என்றுதான் இந்த வீட்டில் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். இவள் எப்போதிலிருந்து என்னைச் சந்தேகப்பட்டாளோ!

மேசையில் அவள் போன் அதிர்ந்தது. கேப்டன்தான். அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது.

"அடிச்சான்," என்றேன். "ரெண்டு தடவ."

விழப்போன போனை அஞ்சு பிடித்தாள். காதில் வைத்தாள். கண்ணை மட்டும் என் மேலிருந்து எடுக்கவில்லை.