இருபத்தேழின் பதில்கள்

லிஃப்ட் மெக்கானிக்கைத் தலைமையாசிரியர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். சட்டையெல்லாம் கிரீஸ், நாற்காலியில் ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு முறையும் அவர் நின்றபடியே இருந்துவிட்டார். கையில் ஹெல்மெட். எந்தக் கட்டடத்திலோ ஒரு லிஃப்டை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்திருந்தார். மணி ஐந்தேமுக்கால். நாலேகாலுக்கெல்லாம் வீட்டில் பையை வீசிவிட்டுத் தட்டைத் தேட வேண்டிய மகள் இன்னும் வரவில்லை. துணைக்கு வந்த மச்சான் கதவருகே நின்று, அலமாரியிலிருந்த கேடயங்களின் எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தார். கவலை முற்றினால் மனிதனுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கத் தோன்றும்போல.

அறிவியல் டீச்சருக்கு ஆள் போயிற்று. மறுநாள் விழாவுக்காக எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தவள் விரலெல்லாம் பசையோடு வந்து நின்றாள். தலைமையாசிரியர் கணினித் திரையை மெக்கானிக் பக்கம் திருப்பினார். ஸ்கேன் ரிப்போர்ட் காட்டும் பெரிய டாக்டரின் தோரணை அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"இதோ பாருங்க சார், இருபத்தேழு. உங்க பொண்ணுதான். இன்னைக்கு சயின்ஸ்ல பத்தொம்பது கேள்வி, பத்தொம்பதுக்கும் பதில் சொல்லியிருக்கா. பதினாறு சரி. கடைசி பதில் மூணு முப்பத்தெட்டுக்கு. அதுவரைக்கும் எங்ககிட்ட பத்திரமா இருந்திருக்கா."

மெக்கானிக் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. காணாமல்போன பிள்ளைக்கு ஒரு நேரம் கிடைத்துவிட்டால் பாதி கிடைத்த மாதிரி. "பதினாறா" என்று மச்சானைப் பார்த்தார். "சயின்ஸ் சுத்தமா ஏறலைன்னு வீட்ல அழுதுட்டு இருந்தா." அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை டீச்சர் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"வகுப்புல நீங்கதானே இருந்தீங்க டீச்சர்? பாத்தீங்கல்ல?" என்றார் தலைமையாசிரியர்.

"ம்" என்றாள் அவள்.

அந்த ஒற்றை எழுத்தை வாங்கிக்கொண்டு மெக்கானிக் கும்பிட்டார். போலீஸில் நேரம் கேட்பார்கள் என்று மச்சான் சொன்னதால், தலைமையாசிரியர் அதை அச்செடுத்து, பள்ளி முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். முதலில் கடைத்தெருவில் மூன்றே முக்காலிலிருந்து ஒவ்வொரு கடையாக விசாரிப்பது, பிறகு ஸ்டேஷன் என்று திட்டம் போட்டுக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள்.

டீச்சர் திரும்பி வகுப்புக்கு வந்து, மூன்றாவது வரிசையில் சன்னலோர இடத்தைப் பார்த்தாள். இன்று அங்கே யாராவது உட்கார்ந்திருந்தார்களா? ஞாபகம் வரவில்லை. நேற்று? அதுவும் இல்லை. ஞாபகம் வந்ததெல்லாம் ஸ்மார்ட் போர்டின் பச்சை நிறக் கட்டம் ஒன்றுதான். நாற்பது கட்டங்களும் பச்சையானதும் பலகையில் கைதட்டல் சத்தம் வரும். அது வந்தால்தான் அடுத்த பாடம்.

ஸ்மார்ட் போர்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. அதைப் பொருத்திய கம்பெனியின் பயிற்சியாளர், வாயைத் திறந்தால் அப்டேட் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். டீச்சர்கள் இனி டீச்சர்கள் அல்ல, அனுபவ ஒருங்கிணைப்பாளர்கள் என்று முதல் நாளே அவர் அறிவித்தார். சம்பளம் பழைய பெயருக்கே வந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட ரிமோட் ஒன்று. பலகை கேள்வி கேட்கும், பிள்ளைகள் பொத்தானை அமுக்க வேண்டும். சரியோ தப்போ, அமுக்கினால் ஈடுபாடு. முதல் அமுக்கலே வருகைப் பதிவும் ஆகிவிடுவதால், பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பது பிற்போக்கு என்று சுற்றறிக்கை வந்து, பதிவேடுகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின. அதற்கப்புறம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவசியமே வரவில்லை. பன்னிரண்டு, பேசாதே. முப்பத்து மூன்று, மூக்கில் விரலை எடு.

சிக்கல் கரடிக்குட்டியால் வந்தது. ஒரு ரிமோட் பதில் சொல்லாவிட்டாலும் பலகை நகராது. ஒரு கரடிக்குட்டி தலையைச் சொறிந்துகொண்டு, 'எல்லோருக்காகவும் காத்திருக்கிறோம்' என்று நின்றுவிடும். வராத பிள்ளையின் எண்ணை நீக்க வேண்டுமானால் முந்தின நாள் மாலை நாலு மணிக்குள் கம்பெனிக்கு மெயில் போட வேண்டும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் முன்னறிவிப்பு இல்லாமல் வரும் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் மழைக்கு ஆறு பேர் வராதபோது, கரடிக்குட்டி இருபது நிமிடம் தலையைச் சொறிந்தது. பிள்ளைகளும் கூடவே சொறிந்து காட்டிச் சிரித்தார்கள். பொறுத்துப் பார்த்த டீச்சர், கடைசியில் சொன்னாள்: பக்கத்துல இருக்கறவங்க சேத்து அமுக்குங்க.

அவ்வளவுதான். கரடிக்குட்டி போய்விட்டது. காலாண்டு அறிக்கையில் எட்டாம் வகுப்பு பி நூறு சதவீத ஈடுபாடு. மாவட்டத்திலேயே வேறெங்கும் இல்லை என்றார் அப்டேட். நாளை கல்வி இயக்குநர் கையால் விருது, அதே மேடையில் அவளுடைய நிரந்தரப் பணி ஆணை. பதினோரு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் புதுப்பிக்கப்பட்டுவரும் தற்காலிக டீச்சர் அவள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நாத்தனார், "இன்னும் டெம்பரவரிதானா அண்ணி? எங்க அண்ணனாவது உங்களுக்கு பர்மனென்ட்டா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவள் பொல்லாதவள் இல்லை. வேறு நகைச்சுவை தெரியாது, அவ்வளவுதான்.

ஸ்டோர் ரூமிலிருந்த பழைய பதிவேட்டைத் தூசு தட்டி, பக்கத்து இடத்து இருபத்தாறின் வீட்டு போன் எண்ணைக் கண்டுபிடித்தாள். அம்மாக்காரி எடுத்து, என்னவோ ஏதோ என்று பயந்து, மகளிடம் கொடுத்தாள்.

"இருபத்தேழு இன்னைக்கு வந்தாளா?"

"இல்ல மிஸ். திங்கக்கிழமைலேருந்தே வரலையே." இன்று புதன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே மிஸ்." பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "நான் வரலைன்னாலும் என் ரிமோட் வந்துடுதுல்ல, அது போதும்டின்னு சொன்னா. நாந்தான் ரெண்டு கையாலயும் அமுக்கறேன். அவளுக்கு நல்ல மார்க்கா வர்ற மாதிரிதான் மிஸ் அமுக்கினேன்."

"எங்க போனா?"

"ஒரு அக்காகூட. யாருன்னு தெரியாது மிஸ். காலைல பெரிய பஸ் ஸ்டாப்ல வந்து நிப்பாங்களாம். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்களாம்."

திங்கள் கொண்டுவந்து விட்டார்கள். செவ்வாய் விட்டார்கள். இன்று விடவில்லை. போனை வைக்கப் போனபோது அந்தப் பக்கம் குரல் மறுபடி வந்தது.

"மிஸ், நாளைக்கும் அவளுக்கு சேத்து அமுக்கணுமா?"

தலைமையாசிரியர் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றி வைத்து, முகத்தைத் துடைத்து, ஐயையோ பாவம் என்று மூன்று முறை சொன்னார். அதன் பிறகுதான் அவருக்கு விஷயம் உறைக்க ஆரம்பித்தது. மூன்று நாள் வராத பிள்ளை மூன்று நாளும் வந்ததாகப் பதிவு. அப்படியானால் மற்ற நாட்களின் பதிவு? மற்ற பிள்ளைகளின் பதிவு? நூறு சதவீதத்தில் எத்தனை சதவீதம் நூறு? சற்றுமுன் அவரே பச்சை மையில் போட்டுக் கொடுத்த கையெழுத்து வேறு. இயக்குநரின் கார் எங்கே நிற்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு கூடப் போட்டாயிற்று. காலையில் போனாளோ மாலையில் போனாளோ, போலீஸ் தேடினால் கிடைத்துவிடுவாள், நேரத்தில் என்ன இருக்கிறது என்றார். அப்படிச் சொன்னது அவர் காதுக்கே நன்றாக இல்லாததால், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு விழா முடிஞ்சிடும். அதுக்குள்ள அவளே வீடு வந்து சேர்ந்தாலும் சேர்ந்துடுவா. நம்ம வாயாலயே நாம ஏன் மாட்டிக்கணும்? உங்க ஆர்டர்ல இயக்குநர் இன்னும் கையெழுத்துப் போடல டீச்சர், ஞாபகம் வச்சுக்குங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். பசை லேசில் போகவில்லை. ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டே அந்தப் பெண்ணின் முகத்தை வரவழைத்துப் பார்த்தாள். உதட்டோரம் மச்சம் இருப்பது இவளுக்கா, இல்லை இருபத்தொன்றுக்கா? ரிமோட்டின் முதுகில் நகப்பூச்சால் ஒரு பூ வரைந்திருந்தவள் இவள்தான் என்று நன்றாக நினைவிருந்தது. பூவின் நிறம் கூட நினைவிருந்தது. பூவுக்குப் பின்னால் முகம் வர மறுத்தது. மணி ஆறரை தாண்டியிருக்கும். பெற்றவன் மூன்றே முக்காலிலிருந்து தேடிக்கொண்டிருப்பான். போனவள் காலையிலேயே போனவள். நடுவில் கிடக்கும் ஏழெட்டு மணி நேரத்தில் ஒரு பஸ் எவ்வளவு தூரம் போகும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. வேண்டாம் என்றாலும் போட்டது. குழாயை மூடாமலே கிளம்பிவிட்டாள்.

வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டு விழாப் பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேராக இருக்கிறதா பாருங்க டீச்சர் என்று மேலே நின்றவன் கேட்டான். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் அவர்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடை வாசலில் கூட்டம். கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த சின்னத் திரையில் கடைக்காரர் மதியத்துக்குப் பிறகான தெருவை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரே சீருடையில் கும்பல் கும்பலாகப் பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் திரையில் விரலை வைத்து வைத்து எடுத்தார். இவ இல்ல. இவளும் இல்ல. இத நிறுத்துங்க. இல்ல, போகட்டும். கிரீஸ் விரல் பட்ட இடமெல்லாம் கண்ணாடியில் கறுப்பாகப் பதிந்திருந்தது. மச்சான்தான் அவளை முதலில் பார்த்து, டீச்சரே வந்துட்டாங்க என்று வழிவிடச் சொன்னார். கூட்டம் மரியாதையாக ஒதுங்கியது.

"அவ இன்னைக்கு வரல" என்றாள். தெருச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஸ்கூலுக்கே வரல. மூணு நாளா வரல. அந்தப் பதிலெல்லாம் வேற பொண்ணு அமுக்கினது. நாந்தான் அமுக்கச் சொன்னேன்."

மெக்கானிக் திரையிலிருந்து விரலை எடுத்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று அவள் நினைத்தாள், கொஞ்சம் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெக்கானிக் அவர் மார்பில் கை வைத்து நிறுத்தினார்.

"அப்ப பதினாறு?" என்றார்.

அதுவும் அவளுடையது இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

பஸ் ஸ்டாப், அக்கா என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினாள். பெரிய பஸ் ஸ்டாப்புக்கு இந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். மச்சான் அதற்குள் ஸ்டேஷனுக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். கடைக்காரர் பொத்தானை அழுத்த அழுத்த, வீடு திரும்பிய பெண்களெல்லாம் பின்பக்கமாக நடந்து பள்ளிக்குள் போனார்கள். தெரு காலியாயிற்று, வெயில் ஏறியது, இறங்கியது, நிழல்கள் மறுபக்கம் சாய்ந்தன. எட்டு மணி பத்து நிமிடத்தில் நிறுத்தி, ஓடவிட்டார். தெருமுனையிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

மெக்கானிக் கண்ணைக் கசக்கினார். அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"நீங்க பாருங்க டீச்சர். தினமும் எதிர்ல வச்சுப் பாக்கறவங்க."

அவள் திரைக்கு அருகில் போனாள். இரட்டைச் சடை, நீல ரிப்பன், முதுகில் பை. இரண்டு இரண்டு பேராக, மூன்று மூன்று பேராக, நேராக அவளைப் பார்த்தே வந்தார்கள்.