உருளைக்கிழங்கு வட்டம்

பெட்டி வந்து இறங்கியதிலிருந்து ஸ்டிக்கர் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தத் தெருவில் வீட்டுக் கதவிலோ, குழந்தையின் தண்ணீர் பாட்டிலிலோ, ஸ்கூட்டரின் நெற்றியிலோ எது ஒட்டியிருந்தாலும் அது அவள் வெட்டிக் கொடுத்ததுதான். பட்டப்பெயர் வந்த வழியும் அதுதான். கம்ப்யூட்டரில் படம் வரைந்து அனுப்பினால் ஸ்டிக்கர் தாளை அதே மாதிரி வெட்டித் தரும் மெஷின் ஒன்று வைத்திருந்தாள். இப்போது அதன் புது மாடல் வந்திருக்கிறது. கொண்டுவந்த ஆள் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் பெட்டியின் டேப்பைப் பாதி பிய்த்துவிட்டாள் என்றால் பாருங்கள்.

பழையது ஓடினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். புதியதற்கோ காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. வயர் கிடையாது. தாளைப் பிசுபிசுப்பான அட்டையில் ஒட்டித் தள்ளும் வேலையும் இல்லை; சுருளை அப்படியே ஊட்டினால் போதும்.

"ஓடுதா, தூங்குதா?" என்றார் கணவர், சோபாவில் படுத்தபடியே.

"உங்களை மாதிரின்னு நினைச்சீங்களா?"

பழைய மெஷின் மாடிக்குப் போயாயிற்று. அங்கேதான் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, குடியிருக்கிறாள். "சூப்பரா வெட்டும், கண்ணு மாதிரி பாத்துக்கோ" என்று அக்கா கொடுத்த பீடிகையில் சின்னவள் வாயெல்லாம் பல்லாக அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

தெருமுனையில் மறுநாள் காலை கேக் கடை திறக்கிறார்கள். முன்கண்ணாடியில் பெரிய சிவப்பு வட்டம் ஒட்டித் தர வேண்டியது அக்காவின் பொறுப்பு. அது நன்றாக வந்தால் கேக் பெட்டிகளுக்கான ஸ்டிக்கர் வேலை முழுக்க உங்களுக்கே என்று கடைக்காரி வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை நம்பித்தான் புது மெஷினே வாங்கியது. கைவசமிருந்த சிவப்புத் தாளோ இரண்டு வட்டத்துக்குத்தான் காணும்.

முதல் வட்டம் வெளியே வந்தது. அக்கா உரித்துத் தூக்கிப் பார்த்தாள். யாரோ மேலே உட்கார்ந்து எழுந்துபோனது போலச் சப்பையாக இருந்தது.

"உருளைக்கிழங்குக் கடையா திறக்கறாங்க?" என்றார் சோபாக்காரர்.

விற்றவனைத் திட்டலாமா, அழலாமா என்று அக்கா முடிவெடுப்பதற்குள் மாடிப்படி தடதடத்தது. சின்னவள், கை நிறைய ஸ்டிக்கரோடு.

"என்னக்கா, நைசா ஓட்டை மெஷினை என் தலையில கட்டிட்டீங்களே! வட்டம் போட்டா முட்டை வருது. கோழிகூட இவ்ளோ நீளமா போடாது!"

அக்கா நெட்டையான முட்டை ஒன்றை வாங்கி, தன் சப்பை உருளைக்கிழங்கின் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் ஓங்கி ஒரு அடி.

விஷயம் இதுதான். பழைய மெஷினின் உருளை தாளை எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிடும். அதற்கு ஈடு கட்ட, எதை வரைந்தாலும் அனுப்புமுன் மவுஸால் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் நசுக்கிவிடுவாள் அக்கா. வெளியே கிளம்பும்போது கை தானாக ஃபேன் சுவிட்சை அணைக்குமே, அந்த மாதிரி. இன்றைக்கும் அந்தக் கை அப்படியே நசுக்கியிருக்கிறது. புது மெஷின் பாவம், கொடுத்ததைக் கொடுத்தபடியே வெட்டியிருக்கிறது.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சத்தியமா மறந்தே போச்சுடி!"

நம்புவது உங்கள் பாடு. சின்னவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஆனால் அவள் மாடிக்குத் திரும்பவும் இல்லை. கடைசித் தாள் அல்லவா, வேடிக்கையை விடுவாளா? அக்கா புதிதாக வட்டம் வரைந்தாள். கை மெல்ல மவுஸை நோக்கி ஊர்ந்தது.

"கை எங்க போகுது?"

"சும்மா... ஒரே ஒரு துளி..."

"நீங்க ஒண்ணும் கிழிக்க வேண்டாம். நான் அமுக்கறேன்." அக்காவின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தானைத் தட்டினாள் சின்னவள்.

மெஷின் முனகியது. இருவரும் மூச்சை அடக்கினார்கள். உரித்தெடுத்து, சமையலறையிலிருந்த பெரிய தட்டை எடுத்து மேலே கவிழ்த்தார்கள். சுற்றிலும் ஒரே அளவாகச் சிவப்பு விளிம்பு தெரிந்தது. அக்கா போட்ட கூச்சலில் கணவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கண்ணாடியில் ஒட்டி முடித்ததும் கடைக்காரி எதிர்ப்பக்கம் போய் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "பெட்டி வேலையை எப்போ ஆரம்பிக்கறீங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா நடக்கவில்லை, மிதந்தாள்.

"அந்த நசுக்கற வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா," என்றாள் சின்னவள். "அப்புறம், இதுக்கு அடுத்த மாடல் எப்போ வருமாம்?"

"உனக்கு எதுக்குடி அது?"

"இல்ல, இது எப்போ மாடிக்கு வரும்னு தெரிஞ்சுக்கத்தான்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை, தன் பட்டப்பெயரைப் பெரிய எழுத்தில் வெட்டி, புது மெஷினின் மூடிமேல் அழுத்தி ஒட்டியது.