நாலாவது கை

ஆனித் தேருக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரைக் கடலூரிலிருந்து பஸ் ஏற்றிச் சிதம்பரத்துக்கு இழுத்து வந்தது நான்தான். வேறென்ன செய்ய? என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் போன ஆவணியிலிருந்து வலது கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை. சட்டை மாட்டுவதுகூட வளைந்து நெளிந்துதான். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லையாம். நடராஜரைப் பார்த்தால் கை தானாக மேலே போய்விடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

எல்லாம் அந்தக் கசானெல்லி கார் ரேஸ் டீமால் வந்தது. இத்தாலியில் ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கே டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திராட்சைத் தோட்டத்தை விற்று ரேஸ் கார் வாங்கினாராம். ஊரே சிரித்ததாம். சிரிக்காமல் என்ன செய்யும்? அவருக்குப் பிறகு மகள் ஜூலியானா எடுத்து நடத்தியும், அந்த டீம் ஒரு ரேஸ்கூட ஜெயித்ததில்லை. ஒரே ஒரு முறை மூன்றாவதாக வந்தார்கள். அந்தக் கோப்பையிலும் ஷெட்டில் நட்டு போல்ட்டுதான் போட்டு வைத்திருந்தார்கள். அந்த உருப்படாத டீமில் மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டு, இவர் கப்பல் வாங்கினவர் மாதிரி போனில் பேசுவார்.

"பெரிய டீமுன்னா நான் பத்தோட பதினொண்ணு. இங்க நான் வீட்டு ஆளு அமரா" என்பார்.

வீடு இங்கே இருக்கிறது என்று நான் கத்துவேன்.

ரேஸ் நடுவில் வண்டி டயர் மாற்ற வந்து நிற்கும். நாலு சக்கரத்துக்கு நாலு பேர். பணக்கார டீமில் வேலை முடிந்ததைச் சொல்ல விளக்கு எரியுமாம். இவர்களுக்கு அந்த வசதி ஏது? நட்டை முடுக்கியவர் கையைத் தூக்க வேண்டும். நாலு கையும் மேலே வந்ததும், வண்டிக்கு முன்னால் நீளக் கொம்பில் பலகை பிடித்து நிற்கும் ஜூலியானா அதை எடுப்பார். வண்டி பறக்கும். ஓட்டுவது அவர் பெற்ற பிள்ளை மத்தேயோ. என் வீட்டுக்காரர் வடித்துப் போட்ட சோற்றைச் சாப்பிட்டவன். வீடியோவில் என்னை "அக்கா" என்று கூப்பிடுவான், பாவி.

போன ஆவணியில் ஒரு ரேஸ் அன்றைக்கு அங்கே மழை. மூன்று கை ஏற்கெனவே மேலே இருந்தது. இவரும் முடுக்கிவிட்டுக் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் நட்டு கோணலாக ஏறியிருப்பது கண்ணில் பட்டது. சட்டென்று கையை இறக்கினார். அதற்குள் வண்டி போய்விட்டது. அடுத்த வளைவில் சக்கரம் கழன்றது. மத்தேயோ போய்விட்டான். அதோடு டீமும் போனது.

கீழ வீதியில் தேர் கிளம்பக் காத்திருந்தபோது இவர் போன் அடித்தது. ஜூலியானா. சாவு வீட்டுக்குப் பிறகு இதுதான் முதல் போன். அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார்கள். போனை வைத்ததும் இவர் முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க சொன்னாங்க?"

"ஷெட்ட வித்துட்டாங்களாம். அந்தக் கோப்பைய மட்டும் எடுத்து வச்சிருக்காங்களாம்."

"அப்புறம்?"

போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"'உன் கை எறங்குனத நான் பாத்தேன், ஆனா அதுக்குள்ள பலகைய எடுத்துட்டேன், நாம ரெண்டு பேரும் சேந்துதான் அவன அனுப்புனோம்'னு சொல்றாங்க."

இத்தனை மாதமாக அந்த அம்மாவைத் திட்டாத நாளில்லை நான். பெற்றவள் வாயால் இப்படிச் சொல்வதற்கு எப்படி இருந்திருக்கும்?

மேளச் சத்தம் ஏறியது. கூட்டம் மொத்தமும் கையைத் தலைக்கு மேல் குவித்தது. நான் இவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தூக்குங்க. அந்தம்மாவே சொல்லிட்டாங்க இல்ல. தூக்குங்க."

கை என்னோடு காதுவரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. இவர் சாமியைப் பார்க்கவில்லை. தேர்ச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் அமரா. வண்டி கெளம்பிடும்."

கையை மெல்லக் கீழே இறக்கினேன். தேர் நகர்ந்தது. சுற்றிலும் எல்லார் கையும் மேலே இருந்தது. அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நானும் கையைத் தூக்காமல் நின்றேன்.