வவ்வால் வரும் மரம்

சரக்கைத் தடவிப் பார்க்க விடுகிற வியாபாரியை நம்பலாம். "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறவன் மூட்டைக்கு அடியில்தான் புழுத்த அரிசி இருக்கும். திருவொற்றியூரில் விறகுத் தொட்டி வைத்து விறகு விற்ற சிவந்திக்கு இது தாய்ப்பாலோடு வந்த பாடம்.

அதனால்தான் எண்ணூர்க் கழிமுகத்தில், பொழுது சாய்வதற்குள் தன் மரத்துக்கு விலை பேசி முடிக்கக் கோதண்டம் பறந்தபோது, அவள் நிதானமாக உட்கார்ந்துவிட்டாள். அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு காலத்தில் கரை நெடுக உப்புத்தண்ணீரில் நின்ற கண்டல் மரங்களில், மிஞ்சியது அவன் கொல்லையிலிருந்த இந்த ஒன்றுதான். பச்சையாகவே எரியும் கட்டை. அடைமழையில் சவுக்கு லாரி வராமல் அவள் தொட்டியோ காலி. காலையில் விறகு போடாவிட்டால் டீக்கடைக்காரர்கள் வேறு தொட்டிக்குப் போய்விடுவார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மொட்டுகள் வெடித்து, வெள்ளை நூல்குஞ்சங்களாக விரிந்தன. பின்னாலேயே வந்தன வவ்வால்கள். ஆலமரத்துத் தடியன்கள் இல்லை, சுவரிடுக்குச் சுண்டைக்காய்களும் இல்லை. நடுத்தரம், நாய்க்குட்டி மூஞ்சி. நீள நாக்கால் தேனை நக்கிவிட்டு, மார்பெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குத் தாவின.

கோதண்டம் தலையைச் சொறிந்தான். வவ்வால் வருகிற மரம் ஆகாது என்று ஊரில் பேச்சு, அதான் மறைத்தேன் என்று ஒப்புக்கொண்டு, விலையை அவனே பாதியாக்கினான்.

சிவந்தியின் மனத்தராசு வேறு எதையோ நிறுத்துக்கொண்டிருந்தது. ஒரே ராத்திரிக்காக இத்தனை பூவையும் விரித்து, விடிந்தால் உதிர்த்துவிடும் மரம் ஒசத்தியா? எந்தப் பாழ்மண்டபத்திலிருந்தோ உப்புக்காற்றில் இதைத் தேடி வரும், பேர்கூட இல்லாத ஜீவன் ஒசத்தியா? மரம் கடை என்றால் வவ்வால் வாங்க வரும் கிராக்கி, பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்கும் தரகனும் அதுவே. பேரமில்லை, கலப்படமில்லை. வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவே இங்கே கைகட்டி நின்று தொழில் கற்கலாம். தராசு முள் நடுவிலேயே நின்றது.

குறைத்த விலையைத்தான் கொடுத்தாள், வியாபாரம் வியாபாரம்தானே. மரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டாள். குறி விழுந்தால் மரம் வாங்கினவருடையது. எப்போது வெட்டுவது என்பது அவர் பாடு.

"கோடாலி காலைல வருமாக்கா?"

"பூத்து முடியட்டும், நைனா."

"இன்னாக்கா, இது வருசம் பூரா பூத்துகினே கீற மரமாச்சே."

"பாத்தேன். மொட்டும் காயும் ஒரே கொப்புலதான் கீது" என்றவள், டீக்கடைக்காரர்களிடம் வாங்கப்போகும் வசவுக்கு இப்போதே பதில் யோசித்தபடி பஸ்ஸுக்கு நடந்தாள்.