மணல் பதம்

மணலாகிவிட்டது, சற்று முன்புவரை கண்ணாடிபோலக் கொதித்துக்கொண்டிருந்த பாகு மங்கி, வெளுத்து, முந்திரிகளின்மேல் பொரபொரவென்று அப்பிக்கொண்டு, ஒட்டாதது கடாயின் அடியில் உதிர்ந்து வெறும் மணலாகக் கிடக்கிறது, பார்க்கிற யாரும் கெட்டுப்போயிற்று என்றுதான் சொல்வார்கள், நான் கரண்டியை நிறுத்தவில்லை, தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருக்கிறேன், உப்பு ஜாடியில் சாய்த்துவைத்த போனிலிருந்து இந்துஜாவின் குரல் வருகிறது, அக்கா, நுரைநுரையா வருதுக்கா, சரியாத்தானே இருக்கு, சரியா இருக்கு, கிண்டு, எவ்ளோ நேரம்க்கா, கை வலிக்குது, கிண்டு என்கிறேன், என் பெரியப்பா மகள் இந்துஜா சிதம்பரத்தில் மாமியார் வீட்டு அடுப்பின் முன்னால் நிற்கிறாள், நான் பண்ருட்டியில் அவளுடைய அப்பா வீட்டு மாடியில் நிற்கிறேன், இரண்டு அடுப்பிலும் ஒரே பண்டம், கை செய்யாமல் வாயால் மட்டும் சொல்ல எனக்கு வராது என்று நானும் ஒரு கடாயை ஏற்றினேன், என்னுடையது கொஞ்சம் முந்திவிட்டது, அவளுடையது இன்னும் கொதியில் இருக்கிறது, அதுவும் மணலாகும், அப்போது அக்கா என்று அலறுவாள், அப்போது நான் பேசப்போவதில்லை, இதைக் காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டேன், கோபம்கூட இல்லாமல், மிகவும் அமைதியாக.

அவளுடைய நாத்தனாருக்கு இன்றைக்கு வளைகாப்பு, கூடம் நிறையப் பெண்கள், வளையல் சத்தம் போன் வழியாக என் சமையலறைக்கு வந்து சிந்துகிறது, பெரியம்மாவும் பெரியப்பாவும் சம்பந்தி முறைக்குக் காலையிலேயே போய்விட்டார்கள், கீழ்வீடு பூட்டியிருக்கிறது, எங்க மருமக செய்ற சர்க்கரை முந்திரிக்கு முன்னாடி கடையில வாங்குறதெல்லாம் நிக்காது என்று இந்துஜாவின் மாமியார் உறவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார், கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் தின்ற முந்திரியெல்லாம் நான் செய்தது, இந்துஜா ஊருக்கு வந்து திரும்பும்போது பெரியம்மா மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பாள், ஏய், இந்து கிளம்புறா, ஒரு டப்பா போட்டுக் குடு, தாராளமாவே போடு, நான் போடுவேன், டப்பா அவள் பைக்குள் போகும், பஸ் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அது அவள் செய்ததாகிவிடும், ஆனால் இன்றைக்கு டப்பா இல்லை, எதுக்கும்மா அங்கேருந்து தூக்கிட்டு வரணும், இங்கயே சூடா செய், எல்லாரும் பாக்கட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாராம், காலையில் அழுதுகொண்டே கூப்பிட்டாள், நீ சொல்லுக்கா, நான் அப்படியே செய்றேன், போனை ஸ்பீக்கர்ல போட்டு மிக்ஸிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுக்கறேன், நீ மெதுவாப் பேசு, உனக்குத்தான் மெதுவாப் பேச வருமே.

எனக்கு மெதுவாகப் பேசத்தான் வரும், பேசாமல் இருக்க அதைவிட நன்றாக வரும், கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் கேட்ட கேள்விக்கெல்லாம் விடை தெரிந்து, தொண்டைவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது, வேதியியல் படித்ததே பொருள்களோடு பேச வேண்டியதில்லை என்பதால்தான், ஆய்வகத்தில் கண்ணாடிக் குவளையில் சூடாகக் கரைத்த ஒருவகை உப்பு ஆறிய பிறகும் தெளிவாக நிற்கும், தாங்குகிற அளவுக்கு மேல் கரைந்திருக்கும், ஆனால் ஒன்றுமே இல்லாதமாதிரி வெறும் தண்ணீர்போல நிற்கும், ஒரு துகள் உள்ளே விழுந்தால் போதும், குவளை முழுவதும் கண் எதிரே உறைந்து கட்டியாகிவிடும், எல்லாரும் ஆ என்றார்கள், நான் மட்டும் அந்தக் குவளையை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்தேன், அடுப்பில் சர்க்கரையும் தண்ணீரும் முந்திரியும் ஒன்றாகக் கொதிக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய அதுதான், தண்ணீர் போகப் போகப் பாகு தாங்காது, கரண்டி கலைக்கக் கலைக்க ஒரே மூச்சில் மணலாகும், ஆனால் அது முடிவில்லை, அதற்குப் பிறகும் விடாமல் கிண்டினால் மணல் இளகும், இளகி, பொன்னிறமாகி, ஒவ்வொரு முந்திரியையும் மெல்லிய கண்ணாடியாகப் போர்த்திக்கொள்ளும், இந்துஜாவுக்கு இது தெரியாது, பாதியில் அவள் சமையலறைக்கு வந்ததே இல்லை, எப்போதும் தட்டில் ஆறவைத்த பிறகுதான் வருவாள், கை நிறைய அள்ளுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள், அன்றைக்கு அவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், என்னை, அவளை இல்லை, ஜாதகம் என்னுடையது, போட்டோ என்னுடையது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள், நான் பெரியம்மாவின் சமையலறையில் நல்ல புடவையின்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு கிண்டிக்கொண்டிருக்கிறேன், பின்கட்டுக் குழாயில் கை கழுவ வந்த ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார், போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி, ஜவுளிக்கடை வாசனை, புதுத்துணியின் கஞ்சி வாசனை, கடாயை எட்டிப் பார்த்து, அடடா, கெட்டுப்போச்சா, எங்களாலதானே என்கிறார், நான் தலையைக் குனிந்துகொண்டிருக்க வேண்டியவள், ஆனால் கேள்வி சர்க்கரையைப் பற்றியது, அதனால் வாய் திறந்துகொண்டது, கெடலைங்க, தண்ணிதான் போயிருக்கு, சர்க்கரை திரும்பப் படிகமாயிருக்கு, விடாம கிண்டினா இளகும், படிகம்னா என்னங்க, அணுவெல்லாம் வரிசையா உக்காந்துக்கறது, சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன், அவர் சிரிக்கவில்லை, நின்று பார்த்தார், மணல் இளகி மினுங்கத் தொடங்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அட ஆமாங்க என்றார், ஒரு ஆண் என் எதிரே நின்று நான் சொன்னதைக் கேட்டு, அது உண்மைதானா என்று பார்த்து, உண்மை என்று ஒப்புக்கொண்டது அன்றுதான், பெயர் குணசீலன்.

கூடத்தில் தட்டு நகர்கிறது, அவருடைய அம்மா ஒன்றை எடுத்துக் கடிக்கிறார், கடிக்கிற சத்தம் கேட்கிறது, கண்ணாடி உடைகிறமாதிரி, இது யாரும்மா செஞ்சது, என்னைப் பார்த்துத்தான் கேட்டார், நான்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், என் அம்மா என்னைப் பார்க்கிறாள், வார்த்தை தொண்டைவரை வருகிறது, நிற்கிறது, அந்த இடைவெளியில் பெரியம்மா புகுந்தாள், எங்க இந்து கைவண்ணங்க, பெரியவ படிப்புலயே இருந்துட்டா, அடுப்படிப் பக்கம் வரமாட்டா, வாயும் திறக்கமாட்டா, இந்துதான் எல்லாம், இந்துஜா கை நிறைய முந்திரியோடு கதவருகே நின்று, போங்கம்மா, இதெல்லாம் ஒரு வேலையா என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், அப்பா போன பிறகு இந்த மாடியில் எங்களை வைத்திருப்பது பெரியப்பா, அம்மா எப்படிப் பேசுவாள், நான் குணசீலனைப் பார்த்தேன், அவர் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன், நான்கூட அப்படித்தானே பார்ப்பேன் என்று, பிறகு சேதி வந்தது, அவங்களுக்குச் சின்னவளைத்தான் பிடிச்சிருக்காம், கலகலன்னு பேசுறவளா வேணுமாம், எல்லாம் ஒரே வீட்டுப் பொண்ணுதானே என்று பெரியம்மா என் தலையைத் தடவினாள், தடவிய கையில் சர்க்கரை ஒட்டியிருந்தது, இல்லை, அது வேறு நாளாக இருக்கலாம், எனக்கு அந்த நாட்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

மணலில் கரண்டி உரசுகிற சத்தம் சின்ன வயதில் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் தேங்காய் ஓட்டால் மணலை வாருகிற சத்தம்தான், நான் ஒரு கோட்டை கட்டுகிறேன், ஈர மணல் எவ்வளவு உயரம் நிற்கும் என்று தெரிந்து கட்டுகிறேன், இந்துஜா நுரையில் குதித்துக்கொண்டிருக்கிறாள், பெரியப்பா கேமராவோடு வருகிறார், அட, யாரு கட்டினது, நான்தாம்பா என்று இந்துஜா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், அந்தப் படம் கீழ்வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, கோட்டை, அவள், ஓரத்தில் தேங்காய் ஓடு பிடித்த ஒரு கை மட்டும், அந்தக் கைதான் நான், கனவில் அந்தப் படத்துக்குள் அலை வரும், அவள் நனைவாள், கோட்டை நனையாது, கனவில் நான் எப்போதும் அலையாக இருப்பேன், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியும், முந்திரிக்கொட்டை ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் வெந்து உரியும், உள்ளே பால்போலப் பருப்பு, அதைச் சுற்றி அந்த எரிச்சல், உரித்துத் தட்டில் வைத்துவிட்டால் தின்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அக்கா, அக்கா, இங்க பாருக்கா, போன் அலறுகிறது, என்னமோ ஆயிடுச்சு, எல்லாம் வெள்ளையா, மாவு மாதிரி, மணலு மாதிரி ஆயிடுச்சுக்கா, நான் கிண்டுகிறேன், பேசவில்லை, தண்ணி ஊத்தட்டுமா, அக்கா, எலுமிச்சம்பழம் பிழியட்டுமா, அக்கா, லைன்ல இருக்கியா, நான் லைனில்தான் இருக்கிறேன், மூச்சுகூடச் சத்தமில்லாமல் விடுகிறேன், இவ்வளவு இனிப்பாக நான் எதையும் கேட்டதில்லை, யாரோ வருகிறார்கள், கால் மெட்டி தரையில் படுகிறது, என்ன இந்து, ஆச்சா, எல்லாரும் கேக்கறாங்க, மாமியாரின் குரல், இது என்னம்மா, மணலள்ளிப் போட்டாப்ல இருக்கு, பெரியம்மாவின் குரல் ஓடிவருகிறது, சம்பந்தி, நீங்க போங்க, புது அடுப்பு பாருங்க, அவளுக்குப் பழக்கமில்ல, நான் பாத்துக்கறேன், அடுப்புல என்னங்க புதுசு பழசு, சர்க்கரை கெட்டுப்போயிருக்கு, கொட்டிட்டு கேசரியைக் கிண்டுங்க, இந்துஜா விசும்புகிறாள், அந்த விசும்பலை நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன், கொட்டட்டும், எல்லார் முன்னாலும் கொட்டட்டும், இனி எந்த டப்பா போனாலும் அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் யோசிப்பார்கள்.

கொட்டாதீங்கம்மா, ஒரு ஆண் குரல், இரு இந்து, அழாதே, கெடலை, தண்ணிதான் போயிருக்கு, சர்க்கரை திரும்பப் படிகமாயிருக்கு, விடாம கிண்டினா இளகும்.

என் கரண்டி நின்றது.

படிகம், ஜவுளிக்கடையில் எங்கே இருக்கிறது அந்தச் சொல், யாருக்கும் தெரியாமல் அதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு யார் செய்தது என்று தெரியும், அன்றைக்குக் கூடத்திலும் தெரியும், இது யார் செஞ்சது என்று அவர் அம்மா கேட்டபோது, எங்க இந்து கைவண்ணங்க என்று பெரியம்மா சொன்னபோது, அவருக்குத் தெரியும், தரையைப் பார்த்தது கூச்சமில்லை, கலகலவென்று ஒருத்தி கதவருகே சிரித்தாள், அவருக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான், ஒரு பொய் தனக்கு வசதியாக விழுவதற்கு இடம் விட்டு, பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார், நான் இவ்வளவு நாளும் இரண்டு பெண்களை நினைத்து நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன், மூன்றாவதாக இவரை மட்டும் ஓரமாக, சூடு படாமல் எடுத்து வைத்திருந்தேன், இப்போது அந்தக் குரல் மறுபடி, பாருங்கம்மா, ஓரத்துல இளகுது பாருங்க, என்று என் வார்த்தையை எடுத்து என் எதிரிக்கே பரிமாறுகிறது, அட ஆமாண்டா என்கிறார் அவர் அம்மா, உனக்கு எப்படிடா தெரியும் இதெல்லாம்.

அந்தத் துகள் உள்ளே விழுந்தது, நான் போனைக் கையில் எடுத்தேன், யாருங்க சொல்லிக்கொடுத்தாங்கன்னு அவரையே கேளுங்கம்மா, என்றேன், மெதுவாக இல்லை, மிக்ஸிக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிற அளவுக்கு, கூடத்து வளையல் சத்தத்தைத் தாண்டுகிற அளவுக்கு, அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து வாசலில் நிற்கிறாள், போனில், யாரு, யாரு பேசறது, எங்கேருந்து சத்தம் வருது, மிக்ஸி நகர்கிறது, பெரியம்மா, அது ஒண்ணுமில்ல சம்பந்தி, ராங் நம்பர் போல, என்கிறாள், இந்துஜா, அக்கா, வேணாம்க்கா, என்று கெஞ்சுகிறாள், அக்கா என்ற சொல் அந்தச் சமையலறை முழுவதும் கேட்கிறது, யாரும்மா நீ, மாமியார் நேராகப் போனிடமே கேட்கிறார், அன்றைக்குக் கேட்ட அதே குரல், வார்த்தை தொண்டைவரை வந்தது, இந்தமுறை நிற்கவில்லை.

நான்தாம்மா. அன்னைக்கும் நான்தான்.

குணசீலா என்று அவர் அம்மா ஒருமுறை மட்டும் கூப்பிட்டார், அவர் இப்போது எங்கே பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், கரண்டிச் சத்தம் இல்லை, அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் கேட்கிறது, அவர்கள் யாரும் கிண்டவில்லை, இளகத் தொடங்கிய பிறகு கிண்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு ஜன்னலோரம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, அம்மா என் பக்கத்தில் வந்து, என் கையிலிருந்த போனைப் பார்த்து, கரண்டியை எடுத்துக் கிண்டத் தொடங்கினாள், எங்கள் கடாயில் மணல் இல்லை, ஒவ்வொரு முந்திரியும் பொன்னிறக் கண்ணாடிக்குள் இருக்கிறது, நான் அடுப்பை அணைத்தேன், சிதம்பரத்தில் கருகுகிற வாசனை போனில் வராது, எனக்கு வந்தது.