ரெண்டு தரம்

என் கணவர் பழைய மரச்சாமான்களை ஏலம் விடுகிறவர். கூடம் கொள்ளாத கூட்டத்தைத் தொண்டையாலேயே கட்டி வைப்பார். அந்த மனிதர் பக்கவாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தால் "த... த..." என்று மட்டும் வந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டில் நான் போடுகிற அதிகாரத்தைக் கிண்டல் செய்து 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரை அவர் வாயால் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு ரப்பர் மூளையைக் கொண்டுவந்து கழற்றிக் காட்டினாள். நெற்றிக்குப் பின்னால் இருப்பது திட்டமிட, தீர்மானிக்க. பின்மண்டைப் பக்கம் பார்வைக்கு. அதற்கடியில் காலிஃபிளவர் துண்டு மாதிரி இருந்த சிறுமூளை, தள்ளாடாமல் நடக்க. அடியிலிருந்த தண்டு, மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும். அவருக்கு ரத்தம் எட்டாமல் கெட்டது இடப்பக்கத்தில், வார்த்தையைக் கோத்து வாய்க்கு அனுப்புகிற இடம். மற்றதெல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்றாள்.

இருந்தது. என் கொழுந்தனாரின் அறுவை ஜோக்குகளுக்கு ஒருமுறைகூட அவர் சிரிக்கவில்லை. தீர்மானிக்கிற பகுதிக்கு வேறு சான்று வேண்டுமா?

ஒருநாள் காலை கொழுந்தனார் உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரி நாற்காலியின் கால் ஒடிந்தது. விழுந்தவர் எழுந்து, ஒடிந்த நாற்காலிக் காலை எடுத்துக் கட்டிலைத் தட்டி, அண்ணனைப் போலவே குரலை ஏற்றினார். "ராஜா உக்காந்த நாற்காலி, யாருக்கு வேணும்?"

"ஒரு தரம்" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

சட்டென்று திரும்பினேன். அவரேதான். "ரெண்டு தரம். மூணு தரம்." இடக்கையால் கட்டில் கம்பியை ஓங்கித் தட்டி ஏலத்தை முடித்தார்.

"அண்ணி, வித்துட்டாரு அண்ணி" என்று கொழுந்தனார் அழுதுகொண்டே சிரித்தார்.

செருப்புப் போட மறந்து ஓடினேன். பயிற்சிப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவளுக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாயில ஊறிப்போன வரிசை, பாட்டு, திட்டு, இதெல்லாம் அந்த ஒரு இடத்த மட்டும் நம்பி இல்லம்மா. வலப்பக்கமும் கை கொடுக்கும். வழி திறந்திருக்கு, வேற வார்த்தைய ஏத்தி விடுங்க."

ஏற்றினோம். நான் தம்ளரைத் தூக்கிக் காட்டிக் கம்பியைத் தட்டுவேன். "தண்ணி ஒரு தரம்" என்பார். அப்புறம் தலையணை, சீப்பு, ஜன்னல். பக்கத்துக் கட்டில்காரர் ஏலம் கேட்கவே ஆரம்பித்துவிட்டார். அந்த வார்டில் அவர் விற்காத பொருள் இல்லை, பெரிய டாக்டரின் மூக்குக்கண்ணாடி உட்பட.

பொருள் தீர்ந்தது. நான் வெறுங்கையை விரித்தேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கம்பியைத் தட்டினேன்.

என்னைப் பார்த்தார். உதடு போராடியது.

"மே... மேனேஜர். ஒரு தரம்." மூச்சு வாங்கினார். "மேனேஜர். ரெண்டு தரம்."

அதோடு நிறுத்திவிட்டார். மறந்துவிட்டாரோ என்று கொழுந்தனார் "மூணு" என்று எடுத்துக் கொடுத்தார். இவர் மாட்டேன் என்று தலையசைத்து, மறுபடி தட்டப்போன என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மூன்று சொன்னால் பொருள் கைமாறிவிடும் அல்லவா.

வீடு திரும்பிய பிறகு எத்தனையோ வார்த்தைகள் வந்து சேர்ந்தன. ஆனாலும் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான், ரெண்டு தரத்தோடு சரி. கடைசி வரை மூன்றாவதைச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு கொழுந்தனார் வந்து, தனியாக இருக்க வேண்டாம், எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று மன்றாடினார்.

"ஏலம் இன்னும் முடியல தம்பி" என்றேன்.