லொறிக் கட்டு

சும்மா இருப்பது ஹஸீபுக்குத் தெரியாத தொழில். பண்டாரவளையில் அவனுடைய மரக்கறிக் கடையில் இருபது வருஷமாக ஒரு கதிரை இருந்தது; அதில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உருளைக்கிழங்கைப் புரட்டுவான், லீக்ஸின் வேரை அறுப்பான், ஒன்றும் கிடைக்காவிட்டால் தராசைத் துடைப்பான். அப்படிப்பட்டவனின் கையில், பொத்துவில் கடலில், ஒரு கயிற்றின் வாலைக் கொடுத்து, “இதைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இரு” என்றான் ஷெல்டன்.

ஷெல்டன் பூனாகலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பள்ளியில் ஹஸீபும் அவனும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு மாலைதீவுக்குப் போய்ப் பத்து வருஷம் பாய்ப்படகு ஓட்டினான். திரும்பி வந்து, பதுளைக்காரி டிலக்ஷியைக் கட்டினான்; இருவருமாக ஒரு பழைய கட்டமரானை வாங்கினார்கள். இரண்டு ஒல்லி உடம்பு, நடுவே ஒரு தட்டு, மேலே பனை உயரத்துக்குப் பாய்மரம். அதற்கு ஷெல்டனின் அம்மா பெயர், செசிலி. அம்மா ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்து, வாந்தி எடுத்து, இறங்கியதும் பேரைத் திருப்பித் தரச் சொன்னாளாம்.

ஐப்பசி பிறந்ததும் கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் ஓய்ந்துவிடுவார்கள். தெற்கே கூட்டம் தொடங்கும். படகும் வெலிகமைக்குப் போக வேண்டும். ஷெல்டன் போனில் கூப்பிட்டான்: “மூணாவது ஆள் வேணும் மச்சான். வந்து கைகொடு. சரியா வந்தா தெக்குப் பருவம் முழுக்க எங்களோடயே இரு.”

‘சரியா வந்தா’ என்ற பகுதி ஹஸீபின் காதில் ஏறவில்லை. கடையை மனைவி நஸ்மியாவின் தம்பி ஸரூக்கிடம் ஒப்படைத்தான். ஊருக்கெல்லாம் சொன்னான். பள்ளிவாசல் வாசலில் நின்று துஆவும் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். இப்போது திருப்பி அனுப்பினால் தன் கடையில் தானே வாடிக்கையாளர் கதிரையில் குந்த வேண்டும். ஸரூக் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பான், சீனி போதுமா என்றும் கேட்பான். அந்தத் தேத்தண்ணியை நினைத்தாலே ஹஸீபுக்கு நெஞ்சு எரிந்தது.

விடிய அஞ்சு மணிக்குப் பாய் ஏற்றினார்கள். வெளிச்சம் வந்தபோது ஊவா மலைகள் மேற்கே ஒரு நீலக் கோடாகக் கிடந்தன. அங்கே இந்நேரம் வெலிமடை லொறிகள் வந்து நின்றிருக்கும், கறட் மூட்டைகளை யாரோ பிழையாக அடுக்கிக்கொண்டிருப்பான். ஹஸீபின் கால் தானாக ஆடியது.

முன்பக்கம் சுக்கானில் நின்ற ஷெல்டன் திரும்பிப் பார்க்காமலே பாடம் சொன்னான். “இந்த இரும்பு உருளையில பாய்க் கயிறு மூணு சுத்து இருக்கு. பாரத்தை அது தாங்கும். நீ வாலை மட்டும் பிடி. காத்து ஓங்கி அடிச்சா விடுன்னு சொல்லுவேன், உடனே விட்டுரணும், இல்லேன்னா படகு கவிழ்ந்துரும். எங்கேயும் கட்டிறாதே.”

“கட்டாமலா?”

“கட்டாம.”

இது ஹஸீபுக்குத் தொழில் அவமானம். லொறியில் மூட்டை அடுக்கிப் படங்கு போர்த்தி அவன் ஒரு கட்டுப் போட்டால், பெரகலை மலைப்பாதை வளைவுகளில் ஒரு முட்டைக்கோவாகூட உருளாது. கொழும்பில் அதை அவிழ்க்கிறவர்கள் அவனுடைய தகப்பனாரைக் கெட்ட வார்த்தையில் ஞாபகப்படுத்தித்தான் அவிழ்ப்பார்கள். அந்தக் கையில் இப்போது கட்டாத கயிறு.

பத்து மணி வரை பிடித்தான். காற்று பிள்ளை தூங்குகிற மாதிரி சீராக வந்தது. கயிறு அசையவில்லை, ஷெல்டன் கூப்பிடவில்லை, டிலக்ஷி முன்பக்கம் சின்னப் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இரும்புக் குத்தி இருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று வாலை அதில் போட்டு, பழக்கத்தில் இழுத்து, லொறிக் கட்டாகவே கட்டிவிட்டான்.

அந்த ஒரு நிமிஷத்தில் கறட் சீவினான். தட்டைக் கழுவினான். டிலக்ஷியின் வெங்காயப் பையைக் கொட்டி, அழுகினது நாலைக் கண்டுபிடித்துக் கடலில் எறிந்தான்.

யாலைக் காட்டுக்கு மேலே கறுத்த மேகத்தை அவன் பார்க்கவில்லை. காற்று கரையிலிருந்து அறைந்தது.

“விடு,” என்றான் ஷெல்டன். மறுபடி, தொண்டை கிழிய, “ஹஸீப், விடு.”

வலப்பக்க உடம்பு தண்ணீரை விட்டுக் கிளம்பியது. சட்டி, வெங்காயம், கறட் எல்லாம் இடப்பக்கம் ஓடின. ஹஸீப் தவழ்ந்து குத்தியைப் பிடித்தான். நகத்தால் கிளறினான், பல்லால் கடித்தான். அவன் போட்ட கட்டு அவன் பேரைக் காப்பாற்றிக்கொண்டு கல்லாக நின்றது. இடப்பக்க உடம்பு மூழ்கப் பார்த்தது. லீக்ஸ் வேர் அறுக்கிற சின்னக் கத்தி எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். உருவி ஒரே அறுப்பு. கயிறு பாம்பாக ஓடியது, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு ‘தொம்’ என்று தண்ணீரில் விழுந்து நேரானது.

மழை பத்து நிமிஷம் கொட்டிவிட்டுப் போயிற்று. ஷெல்டன் பின்னால் வருவதற்குள், இளகிப்போன முடிச்சை ஹஸீப் குத்தியிலிருந்து கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டிருந்தான். யோசித்துச் செய்யவில்லை. அழுகின கிழங்கைக் கை தானாக மூட்டைக்கு அடியில் தள்ளுமே, அதுபோல.

ஷெல்டன் உருளையையும் அறுந்த நுனியையும் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். “காலையில நீதானே சுத்தினே? சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறுகிருச்சு. இவன் கத்தி வச்சிருந்ததால தப்பிச்சோம்.” ஹஸீபின் தோளைத் தட்டினான். “மச்சான், நீ இல்லேன்னா இன்னிக்குப் படகு இல்ல. வெலிகமையில உனக்கு இடம் இருக்கு.”

இடம் கிடைத்துவிட்டது. பேரம் பேசாமலே கிடைத்த சரக்கு.

“நான் சரியாத்தான் சுத்தினேன்,” என்றாள் டிலக்ஷி. மீதிக் கயிற்றை எடுத்து மறுபடி சுத்தினாள், அவிழ்த்தாள், மறுபடி சுத்தினாள். “அப்பிடித்தானே, ஹஸீப் நானா? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. எங்கே பிழைச்சேன்னே தெரியல. இனிமே இதை நான் தொடல. பிள்ளைகுட்டிகளோட ஆக்கள் ஏறுற படகு.”

பையில் ஈர முடிச்சு ஹஸீபின் தொடையைக் குத்தியது. எழுந்தான், உட்கார்ந்தான், கறட்டைப் பொறுக்கினான், திருப்பிக் கொட்டினான். டிலக்ஷி ஆறாவது தடவையாகச் சுத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் முடிச்சை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“ஒங்கட சுத்துல பிழை இல்ல, தங்கச்சி. நான்தான் கட்டினன்.”

ஷெல்டன் முடிச்சைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

“நல்ல கட்டு,” என்றான். “அடுத்த துறை கிரிந்தை, அங்கே இறங்கிக்க. திஸ்ஸவுக்கு பஸ் இருக்கும், அப்படியே ஊருக்குப் போ.”

ஹஸீபின் கண்ணுக்கு ஸரூக்கின் தேத்தண்ணி தெரிந்தது. வாய் தானாகத் தொழிலுக்கு இறங்கியது. “வெலிகம வரைக்கும் வாரன்.”

“கிரிந்தை.”

“கிரிந்தையில எனக்கு யாரையும் தெரியா. தங்காலை.”

“உன்னோட பேரம் பேச நான் கத்தரிக்காய் வாங்க வரல.”

“அப்ப ரெண்டுக்கும் நடுவுல அம்பாந்தோட்டை. அதுக்குக் கீழ ஏலா மச்சான், கட்டுப்படியாகாது.”

டிலக்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. ஷெல்டன் கயிற்றின் வாலை ஹஸீபின் கையில் வைத்து அழுத்தினான். “அம்பாந்தோட்டை. அதுவரைக்கும் இந்தக் கை திறக்கக் கூடாது.”

ஹஸீப் பிடித்தான். கிரிந்தை கடந்தது. டிலக்ஷி சோறு கொண்டுவந்தாள். ஒற்றைக் கையால் தின்றான். மூக்கில் ஈ உட்கார்ந்தது, விட்டுவிட்டான். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. நஸ்மியா போனில் கூப்பிட்டாள். அது பையிலேயே அடித்து ஓய்ந்தது. உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. கயிறு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் தெரிந்தது: காற்று வருவதற்கு முன்னால் கயிறு கைக்குள் குறுகுறுக்கிறது. கிழங்கு மூட்டையை அமுக்கும்போதே உள்ளே இருப்பது விரலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

பொழுது சாய, அம்பாந்தோட்டைத் துறைமுக விளக்குகள் தெரிந்தன. ஹஸீபின் கையில் கயிறு குறுகுறுத்தது. ஷெல்டன் வாயைத் திறப்பதற்குள் ஹஸீப் ஒரு முழம் விட்டுக்கொடுத்தான். காற்று வந்தது, படகு லேசாகக் குனிந்து வழி விட்டது, போயிற்று. விட்ட முழத்தை அவனே இழுத்துக்கொண்டான்.

ஷெல்டன் திறந்த வாயை மூடினான்.

“அம்பாந்தோட்டை வந்திருச்சு,” என்றாள் டிலக்ஷி. “உள்ளே திருப்புவோமா?”

ஷெல்டன் கொஞ்ச நேரம் ஹஸீபின் கையையே பார்த்தான். “காத்து நல்லா இருக்கு. நேரா வெலிகமைக்கே போவோம்.”

ஹஸீப் மூச்சு விட்டான். “அப்படியெண்டா, இதை யாராவது கொஞ்சம் பிடிங்க,” என்றான். “யாலையில இருந்து ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு இரிக்கிறன்.”